படப்பை பக்கம் மனை வாங்கப் போறீங்களா? பட்டாவில் இல்லாத ஒரு கேள்வி

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மனைப்பிரிவு போர்டுகள்தான். ஒரகடத்துக்கு எத்தனை நிமிடம், வங்கிக் கடன் உண்டா, பூங்கா எங்கே வரும் என எல்லா விவரமும் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் இருக்காது.

இது ஏன் இப்போது முக்கியம்? சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளும் அதற்குள் வருகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியே திறக்கப்பட்டது. தொழிற்சாலை வந்தாச்சு, அடுத்து நகரம் வரப்போகிறது. அந்த நகரத்தை இந்த நிலம் தாங்குமா?

நிலநடுக்கம் வருமா?

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். 2002-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 தர நிர்ணயப்படி, சென்னை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது, மிதமான ஆபத்து. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கம்பி, தூண் விஷயத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மண் எப்படி?

இந்த வட்டாரத்தில் மண் ஒரே மாதிரி இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி உண்டு. களிப்பாறையும் மணற்கல்லும் கலந்த இந்தப் படிவு, 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. வண்டலூர் பக்கம் வந்தால் கெட்டியான சார்னோகைட் பாறை. களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் சரியில்லை என்றால் சுவர் வெடிக்கும். பக்கத்து மனைக்காரர் எடுத்த மண் பரிசோதனை உங்கள் மனைக்குச் செல்லாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இவை இரண்டுக்கும் பொறியாளரிடம் தீர்வு உண்டு. களிமண்ணுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. தண்ணீரை அது சீக்கிரம் உள்ளே விடாது. பெய்கிற மழையில் பெரும்பகுதி மேலேயே ஓடும். படப்பையின் பெரிய ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

2015 வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம்தானே காரணம்?

சென்னை நகருக்குள் அந்தக் கேள்வி நியாயமானது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதும், 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்களால் உண்டான பேரிடர் என்று சொன்னதும் தெரிந்ததுதான்.

ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் ஏன் மூழ்கின? மேப்பை எடுத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, அதாவது ஆறு வரும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே வந்தது படப்பை, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்த தண்ணீரும், அங்கேயே கொட்டிய மழையும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. ஒரு ஏக்கரில் அந்த அளவு பெய்தால் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 165 லோடு.

2021-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் அதே ஊர்களில் மறுபடியும் தண்ணீர் நின்றது. அப்போதெல்லாம் பேசப்பட்டது வெள்ளம் தேங்கிய இடத்தைப் பற்றி. கிளம்பி வந்த இடத்தில், அதாவது படப்பை பக்கம், மனை விற்பனை நடந்துகொண்டேதான் இருந்தது.

அனுமதி கொடுக்கும்போது பார்க்க மாட்டாங்களா?

பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மனைப்பிரிவாக. நீர்நிலை அருகே என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அதில் வழக்கமாக வரும் நிபந்தனை: நிலத்தை இன்ன மட்டத்துக்கு உயர்த்து. உயர்த்திய மனை தப்பிக்கும். ஆனால் வெள்ளத்தில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கிற ஒரு ஏக்கரை மண் கொட்டி மேடாக்கினால், சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீர் வேறு இடம் தேட வேண்டும். அது பக்கத்துத் தெருவாக இருக்கலாம், கீழே உள்ள ஊராகவும் இருக்கலாம். இருபது மனைப்பிரிவுகள் இப்படிச் செய்தால் மொத்தக் கணக்கை யார் போடுவது?

சுற்றுச்சூழல் அனுமதி? 2006 அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்துதான் அது கட்டாயம். சிறுசிறு மனைப்பிரிவுகள் அதில் வராது.

ஆக்கிரமிப்பை அகற்றினால் போதாதா என்று கேட்கலாம். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரியின் எல்லையைக் காக்கிறது. ஏரி நிறைந்தால் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே வந்து, கீழே உள்ள நஞ்சை நிலங்களைத் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகும். அந்த நஞ்சை ஆக்கிரமிப்பு இல்லை, முறையான பட்டா நிலம். நெல் இருந்தவரை இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயிரோடு போனது. இப்போது அங்கே வீடு வருகிறது.

அப்போ என்ன செய்யணும்?

படப்பை அருகே ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் இருக்கிறது. மேலே தண்ணீரைப் பிடித்துவைப்பது சரியான யோசனைதான். ஆனால் அது மட்டும் போதாது. புதிய நகருக்கு நிலப் பயன்பாட்டை வரையும் முன்பே, எந்த ஏரியின் கலங்கல் நீர் எந்த சர்வே எண்கள் வழியாகப் போகிறது என்ற வரைபடம் வர வேண்டும். அது பொதுமக்கள் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். அந்தப் பாதையில் விளையாட்டுத் திடலோ பூங்காவோ வரலாம், வீடு வரக் கூடாது. நில உரிமையாளருக்கு அதற்கான இழப்பீடும் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதுவரை வாங்குபவர் என்ன பார்ப்பது?

* வில்லங்கச் சான்று, பட்டாவோடு நிறுத்த வேண்டாம். அவை நிலம் யாருடையது என்று சொல்லும், வெள்ளம் வருமா என்று சொல்லாது. கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்கி, நிலம் நஞ்சையா, பக்கத்தில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு உண்டா என்று பாருங்கள்.
* அருகிலுள்ள ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று நேரில் போய்ப் பாருங்கள். கலங்கலுக்கு நேர் கீழே மனை என்றால் யோசியுங்கள்.
* 2015, 2021, 2023 – மூன்று மழையிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று புரோக்கரிடம் அல்ல, பக்கத்து டீக்கடையில் கேளுங்கள்.
* முடிந்தால் நவம்பரில் ஒருமுறை மனையைப் போய்ப் பாருங்கள். மே மாதத்தில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.