கானலை அழிச்சிடாதீங்க

பாலைவனத்துல விமானம் கிளம்புற போட்டோ ஒண்ணை மனசுல கொண்டு வாங்க. அமெரிக்காவோட அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் விமான நிலையம், ஜூன் மாச மதியம். பின்னால பழுப்பு மலை. முன்னால ஓடுபாதை உருகி ஓடுற மாதிரி நெளியுது. சக்கரம் எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல.

எடுத்தவர் அடுத்து என்ன செய்வார்? ஒண்ணு, டெலீட். இல்லன்னா ஏதாவது ஏஐ ஆப்ல போட்டு 'ஷார்ப்' பண்ணுவார். அது நெளிஞ்ச ஜன்னலை நேராக்கி, மங்கின எழுத்தைக் குத்துமதிப்பா நிரப்பிக் கொடுக்கும். விமானப் படங்களைச் சேர்க்கிற தளங்கள்ல 'ஹீட் ஹேஸ்'ங்கறது படத்தை நிராகரிக்க ஒரு காரணம். நம்ம மொழியில அதுக்கு அழகா கானல்னு பேரு.

என் கட்சி வேற. அந்தப் படத்துல உருப்படியான விஷயமே கானல்தான்.

கொஞ்சம் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ். காற்றோட ஒளிவிலகல் எண் ஒன்றைவிட எவ்வளவு அதிகம்ங்கறது அதோட அடர்த்தியைப் பொறுத்தது. சூடான தரைக்கு மேல அடர்த்தி இடத்துக்கு இடம், நொடிக்கு நொடி மாறும். வர்ற ஒளி வளைஞ்சு வளைஞ்சு வந்து சேரும். இதுக்கு லட்ச ரூபாய் லென்ஸ் மருந்து இல்ல. 600 எம்எம் லென்ஸ் விமானத்தை மட்டுமா பெரிசாக்குது, நடுவுல இருக்கிற காற்றோட ஆட்டத்தையும் சேர்த்துத்தானே!

இப்ப இறக்கைக்கு வாங்க. தூக்குவிசை அடர்த்தியையும் வேகத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது. அதே ரோ! காற்றழுத்தம் மாறாம வெப்பம் 15 டிகிரியிலேர்ந்து 48 டிகிரிக்கு ஏறினா அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறையும். அதே எடையைத் தூக்க வேகம் 5 சதவீதம் கூடணும். இன்ஜினுக்கும் அதே மெலிஞ்ச காற்றுதான், அதனால தள்ளுவிசையும் குறையும். ஆக, ஓட வேண்டிய தூரம் ரெண்டு பக்கமும் அடி வாங்கி நீளும்.

2017 ஜூன் 20 அன்னிக்கு ஃபீனிக்ஸ்ல வெயில் 48 டிகிரியைத் தொட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட சின்ன ஜெட் விமானப் பயணங்கள் ரத்து. பம்பார்டியர் சிஆர்ஜே விமானங்களோட வெப்ப வரம்பு 118 ஃபாரன்ஹீட், அதாவது 48 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ. வரம்பு அதிகமா இருந்த பெரிய போயிங், ஏர்பஸ் எல்லாம் பறந்தன. உங்க படத்தைக் கெடுத்ததா நீங்க திட்டுற அந்தக் காற்றுதான் அன்னிக்கு இவங்களைத் தரையில உட்கார வெச்சது.

நாசா ஆட்கள் இதைத் தலைகீழாப் பயன்படுத்துறாங்க. மொஜாவே பாலைவனத்துக்கு மேல ஒலியை விட வேகமாப் பறக்குற விமானத்தை, அதுக்கும் மேல பறக்குற இன்னொரு விமானத்துலேர்ந்து படம் எடுப்பாங்க. கீழ புள்ளி புள்ளியாத் தெரியுற புதர்கள்தான் பின்னணி. எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்து தெரியுதுன்னு கணக்குப் போட்டா அதிர்வலை கண்ணுக்குத் தெரியும். நாம 'நாய்ஸ்'னு தூக்கிப் போடுறது அவங்களுக்கு டேட்டா.

விமானத்தோட பதிவு எண் தெளிவா வேணும்னா, நியாயம்தான். விடியற்காலையில போங்க, ஓடுபாதைக்கு எவ்வளவு பக்கத்துல அனுமதி இருக்கோ அங்க நில்லுங்க. மதியம் எடுத்துட்டு காலையில எடுத்த மாதிரி காட்டாதீங்கன்னுதான் சொல்றேன். 48 டிகிரியில எடுத்த படத்துல காற்று கண்ணாடி மாதிரி நின்னா, அது பொய்ப்படம்.

ஃபீனிக்ஸ் பக்கம் எம்எஸ் படிக்கப் போறவங்க யாராவது இருந்தா ஒரு வேலை. ஜனவரியில ஒரு நாள், ஜூன்ல ஒரு நாள், ஒரே இடத்துல நின்னு, ஒரே ரக விமானங்கள் மூக்கைத் தூக்குற இடத்தைப் படம் எடுங்க. ஒண்ணு ரெண்டு படம் பத்தாது. எடை மாறும், குளிர் நாள்ல இன்ஜினை முழு மூச்சா ஓட்டவும் மாட்டாங்க. நிறைய எடுத்து, எதையும் ஷார்ப் பண்ணாம அனுப்புங்க. கிராஃப் நான் போடுறேன்.