கடைசியில் மொத்தமாகத் தருவார்களாம்

பட்டாளத்தை வேலையாகப் பார்க்கக்கூடாது, அது தியாகம் என்று உபதேசம் செய்கிற கனவான்கள் தங்கள் பிள்ளையை சிப்பாயாக அனுப்புவதில்லை. அனுப்புவது நம்ம ஆட்கள்.

பொங்கலூர் பக்கம் விடியக்காலையில் ரோட்டோரம் ஓடுகிற பையன்களைக் கேளுங்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தால்தான் முழு மார்க். ராத்திரி ஷிப்டில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்த அதே காலோடு ஓடுகிறான். எதுக்குடா என்றால் தேசம் என்று சொல்லமாட்டான். “யூனிபார்ம் போட்டா வாடா போடான்னு கூப்புட மாட்டாங்கங்ணா” என்பான். அவன் அப்பன் தோட்டத்துக்காரர் வாசலோடு நின்று பழகியவர். இந்த ஆசையை அற்பம் என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை இருக்கிறது?

ஆனால் ஆசை வேறு, இதுதான் நம்ம தொழில் என்கிற பிடிப்பு வேறு. பிடிப்பு கொடியைப் பார்த்து வருவதில்லை. வருஷக்கணக்காக இருந்து, கற்று, நாளைக்கும் இங்கேதான் என்று தெரிந்தால் வருவது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார். படைப் பள்ளியில் படித்து, அதிலேயே ஆசிரியராகி, பென்ஷனோடு வெளியே வந்தவர். அந்த வீட்டில்தான் பாபாசாகேப் படித்தார். 1890களில் வெள்ளைக்காரன் ‘போர்ச்சாதி’ என்று தரம் பிரித்து மகார்களுக்குக் கதவடைத்தபோது, ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். நம் பக்கத்தில் இம்மானுவேல் சேகரன். ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், குனிய மறுத்தார். 1957 செப்டம்பர் 11-இல் வெட்டிக் கொன்றார்கள்.

இப்போது என்ன கொடுக்கிறார்கள்? 2022 ஜூன் 14-இல் அக்னிபத் அறிவித்தார்கள். நாலே வருஷம். முதல் வருஷம் மாதம் 30,000, அதில் 9,000 பிடித்தம். முடிவில் சேவா நிதி 11.71 லட்சம் என்றார்கள். அதில் பாதி பையன் சம்பளத்தில் பிடித்ததும் அதன் வட்டியும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நூறு பேரில் இருபத்தைந்து பேர் வரைக்கும்தான் நிரந்தரம். பழைய சிப்பாய்க்குப் பதினைந்து வருஷம் முடித்தால் பென்ஷன் உண்டு. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க பேங்க் கவுன்டருக்கு வருகிற கிழவர்களைப் பார்க்கிறேன். படை நம்பரை மனப்பாடமாகச் சொல்லும்போதே முதுகு நிமிர்கிறது. வரிசையில் அவரை யாரும் ஒருமையில் பேசுவதில்லை.

இந்த ‘கடைசியில் மொத்தமாக’ என்பதை நமக்குத் தெரியாதா? கோவை, திருப்பூர் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று வைத்தார்களே! மூணு வருஷம் ஹாஸ்டலில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்குப் பணம் என்றார்கள். உடம்பு முடியாமல் பாதியில் வந்த பிள்ளைக்கு அந்த மொத்தம் கிடைக்கவில்லை. அங்கே போனதிலும் பெரும்பகுதி தலித் வீட்டுப் பிள்ளைகள். மில்லும் படையும் ஒன்றா என்பீர்கள். சம்பளம் ஒன்றில்லைதான். ஆனால் இளவயசை எடுத்துக்கொண்டு முதுமைக்குப் பொறுப்பேற்காத கணக்கு ஒன்றுதான். பனியன் கம்பெனி கான்ட்ராக்டர்கூட தன் லேபரிடம் தியாகம் கேட்பதில்லை.

ஓடாதே என்று தம்பிகளிடம் சொல்லமாட்டேன். அரசிடம் ஒன்று கேட்கலாம். நாலு பேரில் ஒருவனை யார் பொறுக்குகிறார்கள், எதை வைத்து? படையில் இடஒதுக்கீடு கிடையாது. நிறுத்திக்கொண்டவர்களில், வெளியே அனுப்பியவர்களில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்? எண்ணி வெளியிடட்டும்.