கொல்லையும் கோயம்பேடும்

காய்கறி விலை ஏறும்போதெல்லாம் நம் இதழ்களில் ஓர் அறிவுரை தவறாமல் முளைத்துவிடுகிறது. மாடியில் தொட்டி வையுங்கள், வேண்டிய காயை வீட்டிலேயே விளைவித்துக்கொள்ளுங்கள், விலைவாசியைக் கண்டு அஞ்சவேண்டாம் என்பது அதன் சாரம். செடி வளர்ப்பதன் மீது எனக்கு எவ்விதப் பகையும் இல்லை. மண்ணையே தொடாத தலைமுறையொன்று மண்ணில் கை வைத்தால் மகிழ்ச்சியே. ஆயின் அதனை விலையேற்றத்துக்கு மருந்தாகச் சொல்லும்போது கணக்கைச் சற்றே விரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். 2023 சூன் இறுதியில் ஏறத் தொடங்கிய அதன் விலை சூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைக் கடந்தது. தமிழக அரசு நியாயவிலைக் கடைகள் சிலவற்றில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அந்த வாரத்தில் சினங்கொண்டு ஒருவர் விதை வாங்கி ஊன்றியிருப்பாராயின், நாற்று வளர 25 நாள். பறித்து நட்டபின் முதற்பழம் கைக்கு வர மேலும் 60 முதல் 70 நாள். அவர் வீட்டுப் பழம் சிவக்கையில் அக்டோபர் பிறந்திருக்கும். செப்டம்பரிலேயே விலை தரைக்கு வந்து, பறிகூலிக்கும் கட்டாது என்று ஆந்திரத்திலும் மகாராட்டிரத்திலும் உழவர்கள் பழத்தைச் சாலையோரம் கொட்டிக்கொண்டிருந்தனர். தொட்டிச் செடியொன்று பூச்சிக்கும் நோய்க்கும் தப்பினால் இரண்டு கிலோ தரக்கூடும். சாம்பாருக்கும் ரசத்துக்குமாக நாளொன்றுக்குக் கால் கிலோ செலவிடும் குடும்பத்துக்கு அது எட்டு நாள் வரும்.

முருங்கையும் ஏறத்தாழ இப்படித்தான். மழைக்காலத்தில் காய் கிடைக்காமல் விலை உச்சிக்குப் போகும். அப்போது நம் வீட்டு மரத்திலும் காய் இராது. பங்குனி சித்திரையில் நம் மரம் காய்த்துத் தொங்கும்போது ஊர் மரங்களெல்லாம் காய்த்துத் தொங்கும். கொடுப்பதற்குக்கூட ஆள் தேடவேண்டும். சந்தையின் பருவமும் வீட்டின் பருவமும் ஒரே மழைக்கும் ஒரே வெயிலுக்கும் கட்டுப்பட்டவை என்பதை மாடித்தோட்டக் கட்டுரைகள் ஏனோ சொல்வதில்லை.

பயன்தருவன எவை எனின், கீரைகளே முதலில் வரும். முளைக்கீரை மூன்றே வாரத்தில் பறிக்கும் பருவம் எய்திவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டா. சமையலுக்கு ஆய்ந்தபின் எஞ்சும் தண்டை ஊன்றினால் போதும். முருங்கையிலும் காயைவிட இலையே நம்பத்தக்கது. பச்சைமிளகாய், புதினா, கறிவேப்பிலை போல நாளும் சிறிதளவே வேண்டியவற்றுக்கு இரண்டு மூன்று செடிகள் ஒரு குடும்பத்தைத் தாங்கும். (கறிவேப்பிலை கொசுறாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கடைக்காரர் இரண்டு ஈர்க்கை எண்ணிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்!) ஆனால் இவையனைத்தும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் எவ்வளவு? செலவைத் தின்பவை பருப்பும் எண்ணெயும் பாலும் எரிவாயுவும் அல்லவா? 2015இல் துவரம்பருப்பு பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது ஏழை வீட்டு அடுப்பைக் காத்தது, நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கிலோ பருப்பேயன்றி எவர் வீட்டுத் தொட்டியும் அன்று.

வீட்டுத் தோட்டம் நமக்குப் புதிதன்று. சங்க நூல்களில் படப்பை என்பது வீட்டையொட்டிய தோட்டம். தென்மாவட்டங்களில் இன்று படப்பு என்றால் வைக்கோற்போர். சொல் எவ்வழியே பயணம் செய்ததோ! புழக்கடை என்று நாம் சொல்வது புழைக்கடை; புழை என்பது சிறுவாயில். அந்தப் பின்வாயிலைத் திறந்தால் வாழை நிற்கும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே அதற்குப் போய்ச் சேரும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரை தையில் பந்தல் நிறையக் காய்க்கும். சுரை கூரைமேல் தானே ஏறிக்கொள்ளும். அதற்கென்று தனியே நீரும் இல்லை, தனியே செலவும் இல்லை. வீட்டின் கழிவை உணவாக்கும் ஏற்பாடு அது. தேங்காய் நார்க்கழிவு அடைத்த பையில், அசோஸ்பைரில்லம் கலந்து, குழாய்நீர் ஊற்றி, மொட்டைமாடி வெயிலில் நிழல்வலை கட்டி வளர்ப்பதை அதன் தொடர்ச்சி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் தளைகளை நான் குறை கூறவில்லை, வாங்கியோர் பயன்பெறட்டும்.

வாங்க இயலாதோர் யார் என்பதே என் வினா. விலையேற்றம் கடுமையாகத் தாக்குவது வரிசை வீடுகளில் ஓரறையில் வாழ்வோரை. அவர்களுக்கு மாடி இல்லை; இருந்தாலும் அது வீட்டுக்காரருடையது. கோடையில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் என்று கொண்டால் 25 பைக்கு 50 லிட்டர், ஏறக்குறைய மூன்றரைக் குடம். 2019 கோடையில் சென்னையில் லாரிக்காக நள்ளிரவில் குடத்தோடு காத்திருந்த பெண்ணிடம் போய்த் தக்காளிக்கு மூன்று குடம் ஊற்றச் சொல்வார் உளரா?

இவ்விடத்தில் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வருகிறது. பசியால் வாடிய பாணன் வீட்டில் அவன் மனைவி குப்பையில் தானே முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் பார்வைக்கு நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறார்கள். காசின்றிக் கிடைக்கும் கீரை அங்கு இருக்கத்தான் செய்கிறது. இல்லாதது உப்பு. உப்புக்கு ஒருவன் பொருள் ஈட்டியாகவேண்டும், அல்லது ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகவேண்டும். அந்நூலாசிரியர் அவனிடம் போகத்தான் வழிகாட்டுகிறார். கொல்லையில் இன்னும் கொஞ்சம் கீரை போடு என்று சொல்லவில்லை.

ஆள்வோர் நெருக்கடியில் வீட்டை நோக்கிக் கை நீட்டுவது புதிய வழக்கமும் அன்று. 1965இல் லால் பகதூர் சாஸ்திரி தம் தில்லி இல்லத்துப் புல்வெளியை உழுதார். தாமே ஏர் பிடித்தார் என்பதால் அச்செயலுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அவர் ஆட்சியில்தான் அதே ஆண்டு சனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது. மறு ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. புல்வெளியை உழுதது ஊருக்குத் தெரிந்த கதை. கிடங்கும் கொள்முதலும் எவரும் கதையாகச் சொல்லாதவை, எனினும் சோறு போட்டவை அவையே.

இதற்கு நேர்மாறானதை இலங்கையில் கண்டோம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்து வயல்களைச் சோரவைத்த அரசு, அவ்வாண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது. பின்னர் 2022 சூனில் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதம் விடுப்பு அளித்தது. எரிபொருள் தட்டுப்பாடும் அதற்கொரு காரணம். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு! ஒரு நாட்டின் வயல் செய்யவேண்டியதை எழுத்தரின் முற்றம் வெள்ளிக்கிழமைதோறும் செய்துவிடும் என்று நம்பியவர்களை என்னென்பது? முருங்கையும் மரவள்ளியும் அங்குப் பல வளவுகளில் ஆணைக்கு முன்பே நின்றவை என்பதையும் மறந்துவிடலாகாது.

தனித்தனி வீடாக முயல்வதைவிடக் கூடிச் செய்வதில் எனக்கு நம்பிக்கை மிகுதி. கேரளத்தில் 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்கிறார்கள். நிலமற்றவரும் பயிர் செய்ய அதில் இடம் உண்டு. நமக்கு அத்தகைய குழுக்கள் இல்லாமல் இல்லை. தர்மபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. அவர்களுக்குக் கடன் தர வங்கி முன்வருகிறது. நிலம் தர எவரும் முன்வருவதில்லை. ஊராட்சிப் புறம்போக்கில் ஓர் ஏக்கரும் ஒரு கிணறும் குத்தகைக்கு விட்டுப் பார்க்கட்டும். சத்துணவுக் கூடத்துக்கு வேண்டிய கீரையை முதலில் அவர்களிடமே வாங்கட்டும். மாடியில் தொட்டி வைப்போர் வைத்துக்கொண்டிருக்கலாம்.