பள்ளிப் பிள்ளையும் மருந்து டின்னும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். காலையில் பிரட்டு முடிந்ததும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்கள் மருந்தடிக்கப் போவார்கள். வெயில் ஏறியதும் காற்று அதைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். "ஒண்ணும் ஆவாது, புல்லு மருந்துதானே!" என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது.

மருந்து என்று பெயர் வைத்ததே நாம் செய்த முதல் பிழை. நோயைத் தீர்ப்பது மருந்து. புல்லையும் பூச்சியையும் எலியையும் கொல்வது நஞ்சு. இவற்றைக் கட்டுப்படுத்தும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே 'ராச்சுன்' என்ற சொல் இருக்கிறது. சட்டம் நஞ்சென்று சொல்வதை நாம் மருந்தென்று சொல்லி வீட்டுக்குள் விட்டிருக்கிறோம்.

பெரக்குவாட் கதை நமக்குத் தெரியாததா? மருந்தடிக்கும் பெண்கள் படும் பாட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002-ல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் தடை அறிவித்தது. 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று உலகெங்கும் எச்சரிக்கப்பட்ட குளோர்பைரிபாஸ் 2023 மே மாதம் முதல் இங்கே விவசாயத்துக்குத் தடை செய்யப்பட்டது. இவை நல்ல செய்திகள். ஆனால் தடை செய்யாத நஞ்சுகள் இன்னும் பல ஸ்டோரில் இருக்கின்றன.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்? எடைக்கு எடை பார்த்தால் பிள்ளை அதிகக் காற்றை இழுக்கிறது, அதிகத் தண்ணீர் குடிக்கிறது. மண்ணில் விளையாடிவிட்டு, அதே கையை வாயில் வைக்கிறது. அதன் மூளையும் நரம்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

காற்று ஒரு வழி. வேலை உடுப்பு இன்னொரு வழி. மருந்தடித்துவிட்டு வந்த கையோடு அம்மா பிள்ளையைத் தூக்கினால், அவள் சட்டையில் இருப்பது பிள்ளையின் மேலும் ஒட்டும். மூன்றாவது வழிதான் மிகக் கொடியது: காலி டின். "நல்ல டின்னா இருக்கே" என்று தண்ணீர் பிடிக்கவும் அரிசி போடவும் எடுத்துப் போகிறோம். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கிறோம். தாகத்தில் வரும் பிள்ளைக்கு எது கோலா, எது நஞ்சு என்று எப்படித் தெரியும்?

2013 ஜூலையில் பீகார் மாநிலத்தின் சரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் மாண்டு போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. நஞ்சும் உணவும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே அதைப் பேசியது. ஆனால் ஒரு தோட்டத்துப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்குத் தலை சுற்றினால் யார் பேசுவார்கள்? நாம்தான் பேச வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பள்ளிக்கும் ஆயாக் கொட்டகைக்கும் பக்கத்தில் பள்ளி நேரத்தில் மருந்தடிக்க வேண்டாம். விடுமுறை நாளில் அடியுங்கள். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வேலை முடிந்து குளித்து உடுப்பு மாற்ற ஸ்டோர் பக்கத்திலேயே இடம் கொடுங்கள். காலி டின்களை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்று பம்பு சுமப்பவர் அந்நியத் தொழிலாளியாக இருந்தாலும் இது அவருக்கும் சேர்ந்த கோரிக்கைதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கி எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். என்ன இரசாயனத்தைக் கையாளுகிறோம், அதன் ஆபத்து என்ன என்று கேட்டறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அந்த விவரத்தைத் தருவது முதலாளியின் கடமை என்று தொழில் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

வீட்டில் நம் பங்கும் இருக்கிறது, தாய்மார்களே! வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். மருந்து டின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டு வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

அப்படியும் பிள்ளை வாந்தி எடுத்து, வாயில் நீர் ஒழுகி, மூச்சுத் திணறினால் தாமதிக்க வேண்டாம். நஞ்சு பட்ட உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது டின்னையோ அதன் லேபிளையோ தவறாமல் எடுத்துப் போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் உடனே வைத்தியம் பார்க்க முடியும்.

நம் தாத்தா காட்டை வெட்டினார். அப்பா பால் வெட்டினார். பிள்ளையாவது படித்து முன்னேறட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறோம். அங்கே அது மூச்சு விடும் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நாம் யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.