சுளுக்கு என்று சொல்லிவிடாதீர்கள்!

காலில் சுளுக்கு என்றால் நம் ஊரில் வைத்தியருக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி பற்று அரைத்துக் கொடுப்பாள். எதிர்வீட்டுக்காரர் எண்ணெய் தடவி உருவி விடுவார். "நாலே நாளில் நடந்துவிடுவாய்!" என்று தைரியமும் சொல்வார்கள்.

கணுக்கால் லேசாகப் பிசகியிருந்தால் நடந்துவிடலாம். ஆனால் வலி கணுக்காலில் இல்லாமல், பாதத்தின் நடுவில் இருந்தால்? அதைச் சுளுக்கு என்று சொல்லும் உரிமை, படம் எடுத்துப் பார்த்த டாக்டருக்கு மட்டுமே உண்டு என்பது என் கட்சி.

வளைவின் நடுக்கல்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. விரல்களுக்குப் பின்னால் உள்ள ஐந்து நீண்ட எலும்புகள், நடுவில் உள்ள சிறிய எலும்புகளோடு சேரும் இடமே நடுப்பாத மூட்டு.

கல் பாலத்தின் வளைவைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் இருக்கும் நடுக்கல்தான் மற்றக் கற்களைப் பிடித்து நிறுத்துகிறது. பாதத்தில் அந்த நடுக்கல், இரண்டாவது விரலுக்குரிய நீண்ட எலும்பு. பெருவிரல் பக்கத்துச் சிற்றெலும்போடு அதை ஒரு வலுவான நார் கட்டி வைத்திருக்கிறது. அந்த நார் அறுந்தால் வளைவே ஆட்டம் கண்டுவிடும்.

இந்த மூட்டுக்கு லிஸ்பிராங்க் மூட்டு என்று பெயர். ஜாக் லிஸ்பிராங்க் (1790–1847) என்ற பிரெஞ்சு சர்ஜன், இந்த மூட்டின் வழியாகப் பாதத்தின் முன்பகுதியை வெட்டி எடுக்கும் முறையை 1815-ல் விவரித்தார். அந்நாளில் வெட்டுவதே வைத்தியம்! இன்று காலைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் காயத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே!

ஒளிந்துகொள்ளும் காயம்

மோட்டார் சைக்கிள் விபத்து, உயரத்திலிருந்து விழுதல் போன்றவற்றால் மூட்டு பெரிதாக விலகினால், படத்தில் பளிச்சென்று தெரியும். மாடிப்படியில் கால் தவறினாலும், பள்ளத்தில் பாதம் மடங்கித் திருகினாலும் ஏற்படும் சிறு விலகல்தான் ஏமாற்றும். படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காகவே தோன்றும். உடலின் பாரம் ஏறினால்தான் இடைவெளி விரியும். இக்காயங்களில் ஐந்தில் ஒன்று வரை முதல் பரிசோதனையில் தவறிவிடுகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஆகவே, நின்றபடி இரண்டு பாதங்களையும் படம் எடுத்து ஒப்பிட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நிற்க முடியாத வலியா? ஒரு வாரம், பத்து நாள் காலை ஊன்றாமல் இருந்துவிட்டு, மறுபடி எடுக்கலாம். அப்போதும் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கின்றன.

உள்ளங்காலில் ரத்தக்கட்டு, மேல்பாதத்தில் வீக்கம், நுனிக்காலில் நிற்க முடியாமை — இவை எச்சரிக்கை மணிகள். இவற்றைக் கண்டால் உருவி விடாதீர்கள். விரல்கள் மரத்து வெளுத்தாலோ, பாதம் கல்லாக இறுகி வலி பொறுக்க முடியாமல் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஆறு வாரமா, ஆயுளா?

எலும்பு விலகவில்லை என்றால் மாவுக்கட்டு போட்டு, சுமார் ஆறு வாரம் காலை ஊன்றாமல் இருக்கவேண்டும். விலகியிருந்தால் ஆபரேஷன் செய்து, திருகாணியோ தகடோ வைத்து நிறுத்துவார்கள். சிலருக்கு மூட்டையே ஒன்றாக இணைத்துவிடுவார்கள். முழுதும் தேறப் பல மாதம் ஆகும். நல்ல சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு மூட்டு வலி மிஞ்சுவது உண்டு. கவனிக்காமல் விட்டாலோ, வளைவு தட்டையாகி, மூட்டு தேய்ந்து, ஒவ்வோர் அடியும் வேதனையாகிவிடும்.

"ஆறு வாரம் படுத்துவிட்டால் அடுப்பு எப்படி எரியும்?" என்று கொத்தனாரும் சுமை தூக்குபவரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நின்று பிழைப்பவனுக்குக் கால்தான் முதல். அந்த முதலையே அழித்துவிட்டு, எத்தனை நாள் கூலி வாங்க முடியும்?

இதில் முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. காலொடிந்தவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கொடுங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் நொண்டிக்கொண்டே மறுநாள் வந்து நிற்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதும் வைத்தியம்தான்!