ஓல்டு டிராஃபோர்டில் ரசிகருக்கும் ஒரு வாக்கு

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் ரசிகர்களின் சண்டை எங்கே தொடங்கினாலும் 2005-இல் வந்து நிற்கும். அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கியது. அந்தத் தொகையில் பெரும்பகுதி கடன். அதில் கணிசமான பங்குக்குக் கிளப்பின் சொத்துகளே ஈடு. அதுவரை கடன் இல்லாமல் இருந்த கிளப், தன்னை விலைக்கு வாங்க எடுத்த கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. டிக்கெட்டும் சட்டையும் வாங்கிய ரசிகரின் காசுதான் அந்த வட்டியாகப் போனது. இது சட்டப்படி நடந்தது. ஆனால் நியாயப்படி நடக்கவில்லை.

ரசிகர்கள் அன்றே எதிர்த்தார்கள். ஒரு பிரிவினர் விலகி, எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். அங்கே உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. 2010-இல் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத் துண்டுகளால் நிறைந்தது. 1878-இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணியின் நிறங்கள் அவை. அந்த அணிதான் 1902-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. தொழிலாளிகள் தொடங்கிய கிளப் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ரசிகர்கள் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

வீரர்களை வாங்குவதிலும் விற்பதிலும் நடக்கும் தவறுகளைப் பற்றிய விவாதம் இந்தக் கேள்வியிலிருந்து தனியானதல்ல. 2012-இல் கட்டணமின்றிப் போன பால் போக்பாவை 2016-இல் 8.9 கோடி பவுண்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் அவர் மறுபடியும் கட்டணமின்றிப் போனார். அதே ஆண்டு அயாக்ஸ் கிளப்பிலிருந்து ஆன்டனி வந்தார், விலை 9.5 கோடி யூரோ. 2025-இல் ரியல் பெட்டிஸுக்கு அவர் போனது அதில் ஏறத்தாழ கால்பங்கு விலைக்கு. ரசிகர்கள் இதை வைத்து வீரரைத் திட்டுகிறார்கள், பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். 2005 கொள்முதலில் கிளேசர்களுக்கு ஆலோசனை சொன்ன வங்கியாளர் எட் வுட்வர்டின் பொறுப்பில் கிளப் 2013 முதல் பல ஆண்டுகள் இருந்தது. கால்பந்து இயக்குநர் என்ற பதவியே 2021-இல்தான் வந்தது. மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர் என்று ஆட்டமுறையில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத பயிற்சியாளர்கள் மாறி மாறி வர, ஒவ்வொருவருக்காகவும் வாங்கிய வீரர்கள் அடுத்தவருக்கு மிச்சமானார்கள். இந்த நிர்வாகத்தை நியமித்தவர்களைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை. கிளேசர்களின் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்குகள். நியூயார்க் பங்குச் சந்தையில் பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஒரே வாக்கு.

கிளேசர்கள் முழுவதுமாக வெளியேறி, பெரும் பணக்காரர் ஒருவர் வந்தால் போதும் என்று கணிசமான ரசிகர்கள் நம்பினார்கள். 2023-இல் கத்தாரிலிருந்து வந்த ஏலத்தை அவர்கள் அப்படித்தான் வரவேற்றார்கள். அது நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால்பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கிக் கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். ஜூலையில் பயிற்சியாளர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அவரையே நீக்கினார்கள். பெரிதாகப் பேசி அழைத்துவந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் ஐந்தே மாதத்தில் விலகினார். ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். சீசன் நடுவே உறுப்பினர் டிக்கெட் 66 பவுண்டு என்று ஆனது. சிறுவருக்கும் முதியவருக்கும் இருந்த சலுகையும் போனது. அந்த சீசனை அணி 15-ஆம் இடத்தில் முடித்தது. நல்ல முதலாளிக்காகக் காத்திருப்பது ரசிகருக்குத் தீர்வாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது 1998 முதல் விதி. 2024 தொடக்கத்தில் லீகின் வருவாயில் ஒரு பகுதியை முதலீட்டாளருக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் மைதானங்களில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியிலேயே லீக் திட்டத்தைக் கைவிட்டது. இந்த விதிக்கும் ஓட்டைகள் உண்டு. லைப்சிக் கிளப் மிகச் சில உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொண்டு விதியைத் தாண்டிவிட்டது. பயர்ன் மியூனிக் தொடர்ந்து 11 பட்டங்கள் வென்றதை இந்த விதி தடுக்கவும் இல்லை. என்றாலும் அங்கே கிளப்பைக் கடனில் வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்ட ஒருவரால் முடியாது.

இங்கிலாந்து மெல்லத்தான் அசைகிறது. 1885-இல் தொடங்கிய பரி கிளப் கடனில் மூழ்கி 2019-இல் லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. 2021 ஏப்ரலில் யுனைடெட் உள்ளிட்ட ஆறு கிளப்புகள், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளுக்கென்றே திட்டமிட்ட சூப்பர் லீகில் சேருவதாக அறிவித்து, ரசிகர்களின் கொந்தளிப்பில் இரண்டே நாளில் பின்வாங்கின. அவ்வாண்டு அரசு நியமித்த ஆய்வு, கிளப்பின் பெயர், சின்னம், நிறம், மைதானம் ஆகியவற்றை மாற்ற விடாமல் தடுக்கும் 'தங்கப் பங்கு' ஒன்றை ரசிகர் அமைப்பிடம் தர வேண்டும் என்றது. 2025 ஜூலையில் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பைத் தந்தது, ரசிகர்களைக் கலந்தாலோசிக்கும் கடமையையும் விதித்தது. தங்கப் பங்கை மட்டும் தரவில்லை. கலந்து பேசிய பிறகும் பெரும்பாலான விஷயங்களில் முடிவு உரிமையாளரிடமே இருக்கிறது.

யுனைடெட் ரசிகர்களுக்கு வாக்குரிமையுள்ள பங்குத் திட்டம் வரும் என்று 2021 ஜூனில் ஜோயல் கிளேசர் உறுதியளித்தார். அது செயலுக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் ஒரு லட்சம் இருக்கைகளும் சுமார் 200 கோடி பவுண்டு செலவும் கொண்ட புதிய மைதானத் திட்டத்தைக் கிளப் அறிவித்திருக்கிறது. அந்தச் செலவும் 2005-இன் கடனைப் போலவே டிக்கெட் விலையில் வந்து விழும். ஆகவே, மைதானத்துக்கான கடன் பத்திரத்தில் கையெழுத்தாகும் முன்பே இரண்டு உரிமைகள் எழுத்தில் வர வேண்டும். இயக்குநர் குழுவில், ரசிகர்களே தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு வாக்குடன் இடம் வேண்டும். மைதானத்தையும் கிளப்பையும் ஈடாக வைக்கும் எந்தக் கடனையும் தடுக்கும் அதிகாரம் கொண்ட தங்கப் பங்கு ரசிகர் அமைப்பிடம் இருக்க வேண்டும். கிளப் தானாகத் தராவிட்டால், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இதை எல்லாக் கிளப்புகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.