விவசாயியின் பெயரால் ஒரு புகைச் சலுகை

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத் தொழிலாளர்களை இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏற்றிச்செல்லும் ஜீப், 2020 ஏப்ரலுக்குப் பின் வாங்கப்பட்டதாயின், பாரத் ஸ்டேஜ் ஆறாம் கட்ட விதிகளுக்கு உட்பட்டது. அதிலிருந்து இறங்கிய தொழிலாளி முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் தெளிப்பானுக்கும், தோளில் தொங்கவிடும் பிரஷ் கட்டருக்கும் அவ்விதிகள் பொருந்தா. மனித உடலுக்கு மிக அருகில் இயங்கும் எஞ்சினையே சட்டம் கண்டுகொள்ளவில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய எரிபொருட்கலவை உட்புகும்போதே புகைவாயிலும் திறந்திருக்கிறது. கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே, அதிற்கலந்த எண்ணெயோடு வெளியேறுகிறது. ஏலச்செடிகளின் நெருக்கமான நிழலில் அது எளிதில் கலைவதுமில்லை.

பாலக்காட்டு எல்லையில் கதை டீசலுடையது. 2018இல் அறிவிக்கப்பட்ட டிராக்டர்களுக்கான நான்காம் கட்ட விதி 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். தள்ளித்தள்ளி 2023 ஜனவரியில் வந்தது. அதுவும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கே. இந்தியாவில் விற்பனையாகும் டிராக்டர்களில் மிகப் பெரும்பான்மையானவை அதற்குக் கீழ்ப்பட்டவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களில் உழும் சிறு டிராக்டரை நான்காம் கட்டம் தொடவே இல்லை. 2024 ஏப்ரலில் வரவேண்டிய ஐந்தாம் கட்டமும் 2026 ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது.

தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் என்ன? தூய எரிபொருள் இல்லை என இனிச் சொல்ல இயலாது; 10 பிபிஎம் கந்தகமுள்ள டீசல் 2020 முதல் நாடெங்கும் கிடைக்கிறது. சிறு எஞ்சின்களைக் கண்காணிக்க இயலாது என்பதும் பொருந்தாது. திருமண மண்டபத்து ஜெனரேட்டருக்கு 2023 ஜூலை முதல் கடுமையான வரம்பு உண்டு. அமெரிக்கா 1997 முதலே கைக்கருவி எஞ்சின்களை நெறிப்படுத்துகிறது. ஐரோப்பாவின் ஐந்தாம் கட்டம் 19 கிலோவாட்டுக்குக் குறைந்தவற்றையும் உள்ளடக்குகிறது.

எஞ்சுவது விலை. அது மெய்யான இடர். கடனில் டிராக்டர் வாங்கும் இரண்டு ஏக்கர் விவசாயியின் தலையில் புதிய சுமையை ஏற்றுவது அறமன்று. ஆனால் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் வழியாகக் கருவிகளுக்கு 40 முதல் 50 விழுக்காடு வரை பொதுப்பணம் மானியமாகச் செல்கிறது. அம்மானியத்தைத் தூய எஞ்சினோடும், மின்கலத் தெளிப்பானோடும் பிணைப்பதற்கு என்ன தடை? மேலும், பெருந்தோட்டத்தின் தெளிப்பான் விவசாயியின் உடைமையன்று, நிர்வாகத்தின் உடைமை. அதைச் சுமக்கும் கூலித் தொழிலாளி இச்சலுகையைக் கேட்டதில்லை. அதன் விலையைச் செலுத்துவது மட்டும் அவருடைய நுரையீரல்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நகரச் சந்திப்புகளில் வைக்கும் அளவைக்கருவிகளை ஒரு பருவமேனும் ஏலக்காட்டுக்கும் நெல்வயலுக்கும் எடுத்துச் செல்லுங்கள். தொழிலாளியின் மூச்சுமட்டத்தில் வைத்து அளவிடுங்கள். அத்தரவு நம் கையில் இருந்தால், அடுத்த ஒத்திவைப்பு இத்தனை எளிதாக நிகழாது.